"கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்" என்று ஃப்ளெக்ஸில் போடலாமா? வரலாறு, நோக்கம், பட்டம் பற்றிச் சில ஐயங்கள்

மடத்துக்கரை (கேள்வி)

தங்கச்சிமடத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உயர்கல்வி வழிகாட்டி நாள் நடக்கவிருக்கிறது. ஆறு ஃப்ளெக்ஸ், ஒவ்வொன்றும் 4க்கு 3 அடி. பொதுத் தலைப்பு "ஓரியூர் முதல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் வரை". முதல் பலகைக்கு எழுதி வைத்திருக்கும் வாசகம் இது:

"1693இல் ஓரியூரில் ரத்தம் சிந்திய புனித அருளானந்தர் தொடங்கிய கல்விப்பணி இன்றுவரை இடையறாமல் தொடர்கிறது. அதன் கனியே 1844இல் திருச்சியில் போப்பாண்டவர் நிறுவிய செயின்ட் ஜோசப் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். நம் ராமேஸ்வரம் கலாம் ராமநாதபுரம் கத்தோலிக்க மிஷன் பள்ளியிலும் பிறகு இங்கும் படித்தவர்."

அச்சுக்குப் போகுமுன் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். குறிப்பாக மூன்று ஐயம். திருச்சிக் கல்லூரிக்குச் சிலர் 1844 என்கிறார்கள், சிலர் 1883 என்கிறார்கள், எது சரி? அது பல்கலைக்கழகமா, கல்லூரியா, பட்டம் யார் கொடுப்பது? மூன்றாவதுதான் சிக்கல்: பாம்பன், மண்டபம், வேதாளையிலிருந்து இந்து, முஸ்லிம் பெற்றோரும் வருவார்கள். "மிஷன் காலேஜ்னா மதம் மாத்துற காலேஜா?" என்று கேட்டால் நோக்கத்தைப் பற்றி என்ன எழுதுவது?

ஓரியூர்_செம்மண்

தம்பி, மூன்றே வாக்கியத்தில் ஐந்து பிழை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"இடையறாமல்" என்ற சொல்லை முதலில் எடுங்கள். அருளானந்தர் (போர்த்துக்கீசிய மிஷனரி ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4. அவர் இருந்த சேசு சபையையே (ஜெசுயிட்டுகள் என்னும் கத்தோலிக்கத் துறவற சபை) 1773இல் திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் கலைத்துவிட்டார். 1814இல் 7ஆம் பயஸ் மீண்டும் உயிர் கொடுத்தார். பிரெஞ்சு சேசு சபையினர் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்தது 1837இல். நடுவே அறுபது ஆண்டுக்கு மேல் இடைவெளி. திருச்சிக் கல்லூரி இந்த இரண்டாம் வருகையின் பிள்ளை, முதல் வருகையின் பிள்ளை அல்ல.

அருளானந்தர் கல்லூரி எதையும் தொடங்கியவரும் அல்ல. அவர் பெயரில் கல்லூரி வந்தது 1970இல், மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில். ஓரியூரை உயர்கல்வியோடு இணைக்க வேண்டுமென்றால் அந்த அருள் ஆனந்தர் கல்லூரியைப் போடுங்கள், பொருத்தமாக இருக்கும். ஊரக வளர்ச்சி அறிவியல் என்று தனித் துறையே அங்கே உண்டு.

1844, 1883 இரண்டுமே சரி. 1844 தொடங்கிய ஆண்டு, ஆனால் தொடங்கிய இடம் நாகப்பட்டினம். 1883இல் திருச்சிக்கு மாறியது. "1844இல் திருச்சியில்" என்று சேர்த்து எழுதினால்தான் தப்பு. பல விழா மலர்களில் இந்தப் பிழை வழிவழியாக வருகிறது, ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதுவதால்.

நிறுவியவர் போப்பாண்டவர் அல்லர், சேசு சபையினர். கலாம் ராமநாதபுரத்தில் படித்த ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி கத்தோலிக்கப் பள்ளியும் அல்ல. ஷ்வார்ட்ஸ் லூத்தரன் மிஷனரி. நம் பக்கம் சிலுவை வைத்த கட்டடம் எல்லாவற்றையும் "மிஷன் ஸ்கூல்" என்றே சொல்லிப் பழகிவிட்டதால் வரும் குழப்பம். கலாம் திருச்சியில் படித்தது 1950 முதல் 1954 வரை, இயற்பியல். அது சரி.

இன்னொன்று. கல்லூரியின் தமிழ்ப் பெயர் தூய வளனார் கல்லூரி. நம் கரையில் சூசையப்பர் என்போம், ஆங்கிலத்தில் ஜோசப், வீரமாமுனிவர் வழியில் வளனார். மூன்றும் ஒருவரே. ஒரு பலகையில் "ஜோசப்", அடுத்ததில் "வளனார்" என்று போட்டால் பெற்றோர் இரண்டு கல்லூரி என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரே பெயரை எல்லாவற்றிலும் வையுங்கள்.

பதிவேட்டுக்காரர்

பட்டம் பற்றிய கேள்விக்கு.

திருச்சி தூய வளனார், சென்னை இலயோலா (1925), பாளையங்கோட்டை தூய சவேரியார் (1923) மூன்றும் சட்டப்படி கல்லூரிகள்தான். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டம், தேர்வு, மதிப்பெண் பட்டியல் கல்லூரியின் கையில். பட்டம் மட்டும் அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம் தரும். திருச்சிக்கு பாரதிதாசன், இலயோலாவுக்கு சென்னை, பாளையங்கோட்டைக்கு மனோன்மணியம் சுந்தரனார். கருமாத்தூருக்கு மதுரை காமராசர். பாரதிதாசன் வந்ததே 1982இல்தான். அதற்கு முன் திருச்சியில் படித்தவர்களுக்கெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம், கலாமுக்கும் அதுவே.

நம் மாவட்டத்துக்குள்ளேயே முத்துப்பேட்டையில் கௌசானல் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது (திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை அல்ல, பெரியபட்டினம் பக்கத்து முத்துப்பேட்டை). அதற்குப் பட்டம் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். இதையும் பலகையில் சேருங்கள், வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இடம் அது.

"பல்கலைக்கழகம்" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. 1956ஆம் ஆண்டு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்பதை 22ஆம் பிரிவு சொல்கிறது. வழி மூன்றுதான்: நாடாளுமன்றமோ சட்டமன்றமோ தனிச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகமாக்குவது, 3ஆம் பிரிவின்கீழ் நிகர்நிலை (பல்கலைக்கழகத்துக்கு இணையான தகுதி) ஆவது, நாடாளுமன்றம் தனியாகப் பட்டம் தரும் அதிகாரம் கொடுப்பது. நிகர்நிலை நிறுவனங்கள்கூட 2017 நவம்பருக்குப் பிறகு பெயரோடு "பல்கலைக்கழகம்" என்று ஒட்டிக்கொள்ள முடியாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி யூஜிசி உத்தரவு போட்டது. அதனால்தான் அடைப்புக்குறிக்குள் "நிகர்நிலைப் பல்கலைக்கழகம்" என்று போடுகிறார்கள்.

சேசு சபை, சலேசியர், சி.எம்.ஐ. ஆகிய கத்தோலிக்கத் துறவற சபையினர் நடத்தும் பல்கலைக்கழகம் இந்தியாவில் உண்டு, வேறு மாநிலங்களில். பெங்களூரு கிறைஸ்ட் 1969இல் கல்லூரி, 2008இல் நிகர்நிலை. அசாம் டான் பாஸ்கோ 2008. கொல்கத்தா புனித சவேரியார் 1860இல் கல்லூரி, அதே பெயரில் பல்கலைக்கழகம் 2017இல். பெங்களூரு புனித ஜோசப் 1882இல் கல்லூரி, 1937இல் சேசு சபையிடம் வந்தது, 2022இல் பல்கலைக்கழகம். பெயர் ஒன்றாக இருப்பதால் திருச்சியையும் பெங்களூருவையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. பிள்ளை நாளைக்கு வேலைக்கோ மேல்படிப்புக்கோ படிவம் நிரப்பும்போது "பல்கலைக்கழகம்" என்ற கட்டத்தில் கல்லூரிப் பெயரை எழுதினால் சரிபார்ப்பில் நிற்கும். கல்லூரிக் கட்டத்தில் தூய வளனார், பல்கலைக்கழகக் கட்டத்தில் பாரதிதாசன். மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கக் கல்லூரித் தேர்வாணையர் அலுவலகம், பட்டச் சான்றிதழைச் சரிபார்க்கப் பல்கலைக்கழகம். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு இரண்டு இடத்துக்கும் தனித்தனியாகப் போக வேண்டியிருக்கும்.

மடத்துக்கரை

அப்படியானால் தலைப்பிலேயே "கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்" என்பதை எடுத்துவிட வேண்டுமா? பங்கில் (எங்கள் கோவில் சமூகத்தில்) சிலர், "கத்தோலிக்கர் நடத்தினால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்தானே, அரசு எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும்" என்கிறார்கள்.

மறைநூல்_மேசை

பங்கில் சொல்வது திருச்சபைச் சட்டப்படியே நிற்காது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் பற்றி 807 முதல் 814 வரை எண்கள். அதில் 808 நேராகச் சொல்வது: உண்மையில் கத்தோலிக்கமாகவே இருந்தாலும், உரிய திருச்சபை அதிகாரியின் இசைவில்லாமல் எந்தப் பல்கலைக்கழகமும் "கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்" என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது. ஆக "பல்கலைக்கழகம்" என்ற சொல்லுக்கு டில்லியில் ஒரு பூட்டு, "கத்தோலிக்க" என்ற சொல்லுக்குத் திருச்சபையில் ஒரு பூட்டு.

ஆனால் கல்லூரி என்பதால் திருச்சபைக்கு அது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990 ஆகஸ்ட் 15 அன்று "எக்ஸ் கோர்தே எக்ளேசியே" என்ற ஆவணத்தை வெளியிட்டார். தொடக்கச் சொற்களின் பொருள் "திருச்சபையின் இதயத்திலிருந்து". கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் மற்றக் கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனங்களுக்கும் சேர்த்தே அது பொருந்தும். திருச்சியும் இலயோலாவும் அதற்குள் வந்துவிடும். எனவே பலகைக்குச் சரியான சொல் "கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனம்". நீளம்தான், ஆனால் யாரும் குறை சொல்ல முடியாது.

நோக்கம் பற்றிக் கேட்டீர்கள். அந்த ஆவணம் நான்கு அடையாளம் சொல்கிறது. தனியாட்களிடம் மட்டுமல்லாமல் நிறுவனத்திடமே கிறிஸ்தவ உணர்வு இருக்க வேண்டும். வளர்ந்துவரும் அறிவை விசுவாசத்தின் ஒளியில் இடைவிடாது எண்ணிப் பார்க்க வேண்டும். திருச்சபை வழியாக வந்த கிறிஸ்தவச் செய்திக்கு உண்மையாக இருக்க வேண்டும். இறைமக்களுக்கும் மனிதக் குடும்பம் முழுமைக்கும் தொண்டு செய்ய வேண்டும். இந்த நான்கில் "மதம் மாற்றுவது" இல்லை. மாறாக, பொது விதிகளின் 2ஆம் பிரிவில், கத்தோலிக்கப் போதனை எல்லா நடவடிக்கையிலும் இழையோட வேண்டும், அதே சமயம் ஒவ்வொருவரின் மனச்சான்றுச் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. இந்த இரண்டாம் பாதியைத்தான் நீங்கள் பலகையில் போட வேண்டும்.

உங்கள் குழப்பத்துக்கு வேர் "மிஷன்" என்ற சொல்லே. 17ஆம் நூற்றாண்டில் "மதுரை மிஷன்" என்றால் நிலப்பரப்பு, குருக்கள் அனுப்பப்பட்ட களம். நம் பேச்சில் "மிஷன் ஆஸ்பத்திரி", "மிஷன் ஸ்கூல்" என்றால் நடத்துகிற நிர்வாகம். இன்று கல்லூரி இணையதளத்தில் "விஷன், மிஷன்" என்று போட்டிருப்பது எந்த நிறுவனமும் எழுதிக்கொள்ளும் குறிக்கோள். மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதால் கேட்கிறவருக்கு முதல் பொருள்தான் தைக்கிறது. பலகையில் "மிஷன்" வேண்டாம், "நோக்கமும் பணியும்" என்று எழுதுங்கள்.

சட்டத்தையும் ஒரு வரி சேர்க்கலாம். அரசியலமைப்பின் 30(1) சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை. 28(3) மாணவருக்குள்ள பாதுகாப்பு: அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற நிறுவனத்தில் யாரையும் அவர் ஒப்புதலின்றி, 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதலின்றி, மதபோதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயமாகக் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்குப் பல சமயம் 17 வயதுதான், அதனால் அந்தப் பெற்றோர் ஒப்புதல் என்ற பகுதியைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

சோளியக்குடி_வலை

சட்ட எண்களை எல்லாம் ஃப்ளெக்ஸில் ஏற்றினால் யாரும் படிக்கமாட்டார்கள். வருகிற பெற்றோருக்கு வேண்டியது: எங்கே விண்ணப்பிப்பது, எவ்வளவு ஆகும், என்ன சான்று. ஆறு பலகையில் இரண்டையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

அரசுக் கலைக்கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம். உதவிபெறும், தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அப்படி இல்லை, ஒவ்வொன்றின் தளத்திலும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு திருச்சிக்கும் சேர்த்துப் போட்டாயிற்று என்று இருந்துவிட்டால் கடைசி நாள் போய்விடும். அதே கல்லூரியில் அதே பாடம் உதவிபெறும் பிரிவிலும் இருக்கும், சுயநிதிப் பிரிவிலும் இருக்கும். கட்டணம் மிகவும் வேறுபடும். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைக் குறிக்கிறோம் என்று பார்க்காமல் குறித்துவிட்டுச் சேர்க்கை அன்று திகைப்பவர்கள் உண்டு. இரண்டும் குறிக்க இடமிருந்தால் உதவிபெறும் பிரிவை முதலில் வையுங்கள்.

நம் கரைக்கு இன்னொரு இடைஞ்சல். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகை நம்பியிருக்கிற வீட்டில் கையில் காசு இல்லாத அதே வாரங்களில்தான் சேர்க்கைக் கட்டணமும் விடுதி முன்பணமும் கேட்பார்கள். தவணை உண்டா, எத்தனை தவணை என்று சேர்க்கைக் கடிதம் வந்த உடனே எழுத்தில் கேட்க வேண்டும், கடைசி நாளில் போய் நின்று கேட்பதில் பயனில்லை. அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மாதம் 1000 ரூபாய்த் திட்டங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். 6 முதல் 12 வரை உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. நம் பங்குப் பள்ளிகள் பலவும் உதவிபெறும் பள்ளிகளே. விண்ணப்பம் கல்லூரி வழியாக, எமிஸ் எண்ணும் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் எண்) ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் தயாராக வேண்டும்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானச் சான்றும் பங்குக் குருவின் கடிதமும் கேட்பார்கள். சிக்கல் பெயரில் வரும். ஞானஸ்நானப் பதிவேட்டில் சந்தியாகு, பள்ளி டி.சி.யில் ஜேம்ஸ். பதிவேட்டில் சூசை அந்தோணி, ஆதாரில் ஜோசப் ஆண்டனி. இரண்டும் ஒருவரே என்று பங்குக் குருவிடம் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், டி.சி.யில் இருக்கும் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்து. வேறு மறைமாவட்டத்தில் ஞானஸ்நானம் வாங்கியிருந்தால் அந்தப் பங்கிலிருந்துதான் சான்று வர வேண்டும், வாரக்கணக்கில் ஆகும்.

மறைநூல்_மேசை

வலை அண்ணே சொன்னது நியாயம், சட்ட எண்களைக் கையேட்டில் வைத்துக்கொண்டு கேட்டால் சொல்லலாம். நோக்கத்தையே எடுத்துவிட்டுக் கட்டணப் பட்டியல் மட்டும் போடுவதை மட்டும் ஏற்க மாட்டேன். நோக்கத்தை வாசகமாக எழுதுவதை விட, நடந்த வேலையாகக் காட்டுங்கள்.

திருச்சிக் கல்லூரியில் ராப்பினாட் உலர்தாவரகம் (உலர்த்திய செடிகளைச் சேகரித்து வைக்கும் இடம்), 1967இல் தொடங்கியது. சேசு சபைக் குரு கே.எம்.மத்தேயு அங்கிருந்து தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் (கர்நாடக மாநிலம் அல்ல, தமிழ்நாட்டுக்குள் இருக்கும் நிலப்பரப்பு) செடிகொடிகளைச் சேகரித்து, அடையாளம் கண்டு, பெரும் தொகுதிகளாகப் பதிப்பித்தார். கணிதத்தில் பிரெஞ்சு சேசு சபைக் குரு சார்ல்ஸ் ரசீன், 1937இல் இந்தியா வந்து முதலில் திருச்சியிலும் பிறகு இலயோலாவிலும் கற்பித்தார். பாரிஸில் அன்று புதிதாக இருந்த கணிதத்தை இங்கே கொண்டுவந்து கொடுத்தவர். அவரிடம் படித்தவர்கள் எம்.எஸ்.நரசிம்மன், சி.எஸ்.சேஷாத்ரி. அந்த இருவர் பெயராலேயே 1965இல் ஒரு தேற்றம் வந்தது. மதம் மாற்றத்தான் கல்லூரி என்று கேட்பவருக்கு இதையும் கலாமையும் காட்டினால் போதும். ராமேஸ்வரத்து முஸ்லிம் வீட்டுப் பிள்ளை நான்கு ஆண்டு சேசு சபைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கி, முஸ்லிமாகவே வெளியே வந்தார்.

தொண்டுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் திருச்சியின் ஷெப்பர்டு என்ற விரிவாக்கத் துறை. மாணவரைச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பி வேலை செய்யச் சொல்வது படிப்போடு சேர்ந்தது. பெற்றோர், "படிக்க அனுப்பினால் கிராமத்துக்கு அனுப்புகிறார்களே" என்று கேட்பது இதைத்தான், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மடத்துக்கரை

எல்லோருக்கும் நன்றி. திருத்திய வாசகம், தலைப்பு "ஓரியூர் முதல் உயர்கல்வி வரை":

"1693: ஓரியூரில் புனித அருளானந்தர் மறைச்சாட்சி. 1837: கலைக்கப்பட்டு மீண்ட சேசு சபை மதுரை மிஷனுக்குத் திரும்புகிறது. 1844: நாகப்பட்டினத்தில் தூய வளனார் கல்லூரி. 1883: கல்லூரி திருச்சிக்கு மாறுகிறது. 1950–54: ராமேஸ்வரம் கலாம் இங்கே மாணவர். 1970: கருமாத்தூரில் அருள் ஆனந்தர் கல்லூரி. 1978: வளனார் கல்லூரிக்குத் தன்னாட்சி. பட்டம் தருவது பாரதிதாசன் பல்கலைக்கழகம். எல்லா மதத்தினரும் படிக்கலாம். வழிபாட்டில் கலந்துகொள்வது அவரவர் விருப்பம்."

ஓரியூர்_செம்மண்

ஆண்டுகள் சரி. 1947ஐயும் சேருங்கள், அந்த ஆண்டு ஜூன் 22இல்தான் அருளானந்தர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதைச் சேர்த்தால்தான் 1693இலிருந்து 1970இல் அவர் பெயரில் கல்லூரி வந்தது வரை இழை தெரியும். "மதுரை மிஷன்" என்பது அந்த இடத்தில் நிலப்பரப்பைக் குறிக்கிறது, அதனால் அங்கே மட்டும் இருக்கட்டும்.

பதிவேட்டுக்காரர்

4க்கு 3 அடியில் அறுபது எழுபது சொல்லுக்கு மேல் ஏற்றாதீர்கள், எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறைந்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. கடைக்கு வேர்டு கோப்பாகக் கொடுக்க வேண்டாம். அங்கே எழுத்துரு மாறி ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும், "ஷ்வார்ட்ஸ்" போன்ற சொல் உடைந்துவிடும். பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுத்து, ஒரு ஏ4 தாளில் மாதிரி எடுத்துப் படித்துப் பார்த்த பிறகு அச்சிடச் சொல்லுங்கள்.